கசிந்த போர்க்களக் காணொளியை மட்டும் வைத்துச் சிப்பாய்க்குத் தீர்ப்பு எழுத முடியுமா?

2007-இல் பாக்தாத் தெருவில் அமெரிக்க ஹெலிகாப்டர் ஒன்று பத்திரிகையாளர்களைச் சுட்ட காணொளியைப் பார்த்துவிட்டு நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: சுட்டவர்கள் சிரிக்கிறார்கள், செத்துக் கிடப்பவர்களை வைகிறார்கள், குழந்தைகள் இருந்த வண்டியையும் விட்டுவைக்கவில்லை, இவ்வளவும் கண்ணெதிரே இருக்கும்போது விதிமீறல் எதுவும் இல்லை என்று அந்நாட்டு ராணுவம் எப்படிச் சொன்னது, இது கொலை இல்லாமல் வேறென்ன? ஒரே கேள்வியாகத் தெரிந்தாலும் இதற்குள் மூன்று இருக்கின்றன. நடந்தது சட்டப்படி குற்றமா, அதைக் காணொளி ஒன்றை வைத்தே முடிவு செய்யலாமா, அந்தச் சிரிப்புக்கு என்ன பொருள். மூன்றையும் ஒன்றாகக் கட்டினால் விடை கிடைக்காது என்பதால் பிரித்துத்தான் எழுதப் போகிறேன். நான் இருபது ஆண்டுகளுக்கு மேல் குற்றவியல் வழக்கறிஞராக இருப்பவன். கடைசிப் பத்து ஆண்டுகளில் கண்காணிப்புக் கேமராப் பதிவு இல்லாத வழக்கு என் மேசைக்கு வருவதே அபூர்வம். வாரத்தில் இரண்டு நாள் சட்டக் கல்லூரியில் போர்ச் சட்டம் பாடம் எடுக்கிறேன். ராணுவத்தில் இருந்ததில்லை, பறந்துகொண்டே சுடுபவருக்குக் கண் எப்படி வேலை செய்யும் என்பதை ஏட்டில் படித்ததோடு சரி; அந்தக் குறையை மனத்தில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

சந்தேகத்துக்கு இடமில்லாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். 2007 ஜூலை 12 காலை, நியூ பாக்தாத் பகுதியில் அமெரிக்கத் தரைப்படை தேடுதல் வேட்டையில் இருந்தது. அந்தப் படையை நோக்கித் துப்பாக்கிச் சூடு நடப்பதாகத் தகவல் வந்திருந்த நிலையில், இரண்டு அப்பாச்சி ஹெலிகாப்டர்கள் மேலே சுற்றிக்கொண்டிருந்தன. தெருவில் போய்க்கொண்டிருந்த ஆண்கள் கூட்டம் ஒன்றின் மீது 30 மில்லிமீட்டர் பீரங்கியால் சுட்டார்கள். அந்தக் கூட்டத்தில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் புகைப்படக்காரர் நமீர் நூர் எல்தீன் இருந்தார், வயது 22. அவருடைய ஓட்டுநரும் உதவியாளருமான சயீத் ஷ்மாக், வயது 40, அடிபட்டு நடைபாதை ஓரம் ஊர்ந்துகொண்டிருந்தார். அவரைத் தூக்கிப்போக ஒரு வேன் வந்தது, அதையும் சுட்டார்கள். சயீதும் வேனை ஓட்டிவந்தவரும் இறந்தார்கள், வேனுக்குள் இருந்த ஓட்டுநரின் இரண்டு குழந்தைகள் படுகாயத்தோடு பிழைத்தார்கள். அதன்பின், ஆயுதத்தோடு சிலர் நுழைந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு கட்டடத்தின் மீது மூன்று ஹெல்ஃபயர் ஏவுகணைகளை விட்டார்கள். ராய்ட்டர்ஸ் நிறுவனம் அமெரிக்கத் தகவல் உரிமைச் சட்டப்படி இந்தப் பதிவைக் கேட்டும் கிடைக்கவில்லை. 2010 ஏப்ரல் 5 அன்று, கசிந்த ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் அதை வாஷிங்டனில் வெளியிட்டது: ஏறத்தாழ 39 நிமிடம் ஓடும் முழு வடிவம் ஒன்று, 17 நிமிடச் சொச்சத்துக்கு வெட்டிச் சுருக்கியது ஒன்று. பதிவு உண்மையானது என்பதில் தகராறு இல்லை. அமெரிக்க ராணுவமே அதை மறுக்கவில்லை.

இந்தக் காணொளியை வகுப்பில் மூன்று தடவை ஓட்டுவேன். முதல் தடவை முழு வடிவத்தின் ஆரம்பச் சில நிமிடங்களை ஒலியை அணைத்துவிட்டு, திரையின் அடியில் ஓடும் எழுத்துகளை ஒரு சார்ட் அட்டையால் மறைத்துவிட்டு ஓட்டி, யார் கையில் என்ன இருக்கிறது என்று எழுதச் சொல்வேன். தோளில் தொங்குவதைப் பை என்பார்கள், குடை என்பார்கள், சிலர் துப்பாக்கி என்பார்கள். கேமரா என்று எழுதியவரை இதுவரை நான் பார்த்ததில்லை. இரண்டாம் தடவை ஒலியோடு. ஐந்தாறு பேரிடம் ஏ.கே. துப்பாக்கி இருக்கிறது, சுட அனுமதி வேண்டும் என்ற குரல் வயர்லெஸ்ஸில் கேட்டதும், பை என்று எழுதிய கை அதை அடித்துவிட்டுத் துப்பாக்கி என்று எழுதும். மூன்றாம் தடவை விக்கிலீக்ஸ் வெட்டிய வடிவம். அதில் நமீர், சயீத் என்ற பெயர்களோடு அம்புக்குறி வரும். உடனே துப்பாக்கி கேமராவாகிவிடும், வகுப்பில் யாரோ ஒருவர் இது பச்சைக் கொலை சார் என்பார். மூன்று தடவையும் திரையில் ஓடியது அதே நிழலுருவங்கள்தான். பார்ப்பவருக்கு முன்கூட்டியே என்ன சொல்லப்பட்டது என்பதுதான் மாறியது. ஹெலிகாப்டரில் இருந்தவருக்கும் ஒரு குரல் கேட்டுக்கொண்டிருந்தது. நமக்கு ஓர் அம்புக்குறி கிடைத்தது. அந்த அம்புக்குறி, அதே கூட்டத்தில் நீளமான குழாய் போன்ற ஒன்றைப் பிடித்திருந்தவரைச் சுட்டவில்லை என்பதையும் மாணவர்களுக்கு நானேதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆகவே முதல் சூட்டைத் தனியே எடுங்கள். கூட்டத்தில் ஓரிருவரிடம் ஆயுதம் போலத் தெரிவதைப் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் எவரும் ஒப்புக்கொள்வார்கள். பின்னால் அந்த இடத்துக்குப் போன படை ஆர்.பி.ஜி. என்னும், தோளில் வைத்து ராக்கெட் குண்டு எய்யும் ஏவுகருவியையும் துப்பாக்கிகளையும் கண்டெடுத்ததாக ராணுவ விசாரணை அறிக்கை சொல்கிறது. அதைச் சொன்னது ராணுவமே என்பதால் அதற்குரிய தள்ளுபடியைப் போட்டுக்கொள்ளுங்கள். சுடுவதற்குச் சற்று முன், நமீர் ஒரு சுவரின் மூலையில் குந்தி, நீண்ட லென்ஸைத் தெருப்பக்கம் நீட்டிப் பார்க்கிறார். அந்தத் தெருவின் மறுகோடியில் அமெரிக்கப் படையின் ஹம்வீ வண்டிகள் நின்றன. அவருடைய கேமராவிலிருந்து எடுக்கப்பட்ட படங்களிலேயே அது இருக்கிறது. மேலேயிருந்து பார்த்தவருக்கு அது ஏவுகருவியைத் தோளில் வைத்துக் குறிபார்க்கும் ஆளாகத் தெரிந்தது. தவறான கணிப்புதான், ஆனால் கேட்க வேண்டியது அந்தத் தவறு நியாயமாக நேரக்கூடியதா என்பதை.

இந்தக் கேள்வியைச் சட்டம் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 1948-இல் நியூரம்பெர்க்கில் ஜெர்மானியத் தளபதி லோதர் ரெண்டுலிக் விசாரிக்கப்பட்டபோது, வடக்கு நார்வேயை எரித்து நாசமாக்கியதற்கு உண்மையில் தேவையே இருந்திருக்கவில்லை என்று பின்னால் தெரியவந்தாலும், முடிவெடுத்த நேரத்தில் அவருக்குத் தெரிந்திருந்ததை வைத்தே அவரை எடைபோட வேண்டும் என்று தீர்ப்பாயம் சொல்லி, அந்த ஒரு குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது, மற்றவற்றில் தண்டித்தது. நம் ஊர்ச் சட்ட மாணவர்களுக்கு இதைவிட நெருக்கமான ஒன்று பழைய ஒரிசா வழக்கு: கைவிடப்பட்ட விமானத்தளத்தில் இரவில் விளக்கொளியைச் சுற்றி நடமாடிய உருவங்களைப் பேய் என்று நம்பிக் குக்ரிக் கத்தியால் வெட்டிய வேலைக்காரரை, வெட்டுப்பட்டவர்கள் மனிதர்கள் என்று தெரிந்த பின்னும், கீழமை நீதிமன்றம் அன்றைய இந்திய தண்டனைச் சட்டம் 79-ஆம் பிரிவின் கீழ் விடுவித்ததை உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. நடந்ததை நல்லெண்ணத்தோடு தவறாகப் புரிந்துகொண்டு செய்தது குற்றமில்லை என்னும் அந்தப் பிரிவின் உயிர் நல்லெண்ணம் என்ற சொல்லில் இருக்கிறது. உரிய கவனம் செலுத்தாமல் நம்பியதை நல்லெண்ணம் என்று சட்டம் ஏற்காது. கையில் டார்ச் இருந்ததே, அடித்துப் பார்த்திருக்கலாமே என்று அரசுத் தரப்பு கேட்டது எடுபடவில்லை. ஆனால் பேயைப் பார்க்கும் ஒரு வேலைக்காரரிடம் எதிர்பார்க்கும் கவனமும், குறிபார்க்கும் கருவியும் பயிற்சியும் உள்ள ஒரு படைவீரரிடம் எதிர்பார்க்கும் கவனமும் ஒரே அளவாக இருக்க முடியாது.

எதிர்பார்ப்பு கண்ணை எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று கடலில் இருக்கிறது. 1988 ஜூலை 3 அன்று பாரசீக வளைகுடாவில் அமெரிக்கப் போர்க்கப்பல் வின்சென்ஸ், ஈரான் ஏர் 655 பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தி 290 பேரைக் கொன்றது. வருவது எஃப்-14 போர் விமானம், அது தங்களை நோக்கி இறங்குகிறது என்று கப்பலில் இருந்தவர்கள் உறுதியாகச் சொன்னார்கள். கப்பலின் சொந்தக் கணினிப் பதிவோ, விமானம் கடைசி வரை மேலேறிக்கொண்டிருந்ததைக் காட்டியது. அவர்கள் பொய் சொல்லவில்லை. எதிர்பார்த்ததையே திரையில் வாசித்திருந்தார்கள். இது மன்னிப்புக்கான காரணமா என்றால், என் கணிப்பில் பாதிதான். இப்படித் தவறு நேரும் என்று தெரிந்த பிறகும் அதைத் தடுக்கும் படிகளை நடைமுறையில் வைக்காத நிறுவனத்துக்கு அந்தக் காரணத்தைச் சொல்லித் தப்பிக்க உரிமையில்லை.

இப்போது வேன். நீங்கள் கேட்டதில் கனமானது இதுதான், ஆனால் பொதுவிவாதத்தில் சிரிப்புக்குக் கிடைத்த இடம்கூட இதற்குக் கிடைக்கவில்லை. வேன் வந்து நின்றபோது துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்திருந்தது. கீழே ஒரு காயம்பட்டவர், அவர் கையில் ஆயுதம் இல்லை. அதை மேலே இருந்தவர்களே அறிந்திருந்தார்கள், ஏனென்றால் சுடுபவர் அவரைப் பார்த்து, நீ ஓர் ஆயுதத்தை எடுத்தால் போதும் என்று ஏங்குவது பதிவில் இருக்கிறது. எடுக்காதவரைச் சுடக் கூடாது என்ற விதி அவருக்குத் தெரியும், அவர் அதுவரை அதற்குக் கட்டுப்பட்டும் இருக்கிறார் என்பதுதான் அந்த அருவருப்பான வாசகத்தின் சட்டப் பொருள். வேன் வந்ததும் வயர்லெஸ்ஸில் போவதை வார்த்தை வார்த்தையாகக் கேளுங்கள். முதலில், சிலர் வந்து உடல்களையும் ஆயுதங்களையும் எடுப்பது போலத் தெரிகிறது என்கிறார்கள். ஆயுதத்தை எவரும் எடுப்பது படத்தில் இல்லை. அடுத்து ஹெலிகாப்டர்களுக்குள் ஒரு குரல், காயம்பட்டவரையா தூக்குகிறார்கள் என்று கேட்கிறது. ஆம், சுட அனுமதி வாங்கப் பார்க்கிறோம் என்று பதில் வருகிறது. பிறகு தரையில் இருந்த அதிகாரியிடம் அனுமதி கேட்கும்போது, ஒரு வேன் உடல்களை எடுக்கிறது என்று மட்டும் போகிறது. காயம்பட்டவர் என்ற சொல் அங்கே இல்லை. அனுமதி கிடைக்கிறது.

குறுக்கு விசாரணைக்கு இதைவிட நல்ல மூன்று வாக்கியங்கள் ஒரு வழக்கறிஞருக்குக் கிடைக்காது. காயம்பட்டுச் சண்டையிலிருந்து விலகிவிட்டவர், அவர் எதிரிப் படையாளாகவே இருந்தாலும், தாக்கப்படக் கூடாதவர். காயம்பட்டவரைத் தாமாக முன்வந்து பேணும் பொதுமக்களைத் துன்புறுத்தக் கூடாது என்று 1949-இன் முதல் ஜெனீவா உடன்படிக்கையின் 18-ஆம் பிரிவு சொல்கிறது. இதற்குச் செஞ்சிலுவைச் சின்னம் ஒட்டிய வண்டிதான் வேண்டும் என்பதில்லை. எதிர்த்தரப்பு வாதமும் ஒன்று உண்டு: பாக்தாத்தில் அந்த ஆண்டு ஆயுதக் குழுக்கள் தங்கள் ஆட்களையும் ஆயுதங்களையும் வேன்களில் அள்ளிப் போவது வழக்கம், அப்படிப் போகிறவர்கள் சண்டையில் நேரடியாகப் பங்கெடுப்பவர்கள் என்பது. அந்த வாதம் நிற்க வேண்டுமானால் யாராவது ஓர் ஆயுதத்தைத் தொட்டிருக்க வேண்டும். குழந்தைகளைப் பொறுத்தவரை நான் சுட்டவர் பக்கம்தான் சாய்வேன்; வேனின் கண்ணாடி வழியே தெரியும் அந்த இரண்டு வெளிறிய புள்ளிகளை, குழந்தைகள் என்று சொல்லப்பட்ட பிறகும் பெரிதாக்கித்தான் நம்மால் காண முடிகிறது. ஆனால் குழந்தைகள் இல்லாத வேனாக இருந்தாலும் அந்தச் சூட்டுக்கு நான் சொல்வது மாறாது.

ஐயம் வந்தால் ஒருவரைப் படையில் சேராத பொதுமகன் என்றே கொள்ள வேண்டும் என்று ஜெனீவா உடன்படிக்கைகளுக்கான 1977-இன் கூடுதல் நெறிமுறையில் ஒரு விதி இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, 50-ஆம் பிரிவில். அமெரிக்கா அந்த நெறிமுறையில் கையெழுத்திட்டது, ஏற்புறுதி செய்யவில்லை. அந்த அனுமானத்தை அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகன் தன் போர்ச் சட்டக் கையேட்டில் தெளிவாகச் சேர்த்தது 2023-இல்தான். 2007-இல் அந்தப் படைக்குக் கொடுக்கப்பட்டிருந்த விதி, இலக்கு முறையானது என்பதில் நியாயமான அளவு நிச்சயம் வேண்டும் என்பது. ராணுவ விசாரணை அந்த அளவுகோலை வைத்து அளந்துவிட்டு, விதி மீறப்படவில்லை என்றது. ராணுவம் எப்படி அப்படிச் சொன்னது என்ற உங்கள் கேள்விக்கு விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது: தான் எழுதிய விதியைத் தானே பொருள்கொண்டு, தன் ஆட்களுக்குத் தானே பொருத்திப் பார்த்த விசாரணை அது. முதல் சூட்டைப் பொறுத்தவரை அந்த முடிவோடு நான் சண்டைபோட மாட்டேன். வேனைப் பொறுத்தவரை, அந்த மூன்று வாக்கியங்களை ஒரு சுயேச்சையான நீதிமன்றம் கேட்டிருக்க வேண்டும்.

கட்டடத்தின் மீது நடந்த தாக்குதலைப் பற்றிச் சுருக்கமாக: வெட்டப்பட்ட வடிவத்தில் அது இல்லவே இல்லை, அதனால் உலகம் அதைப் பேசவும் இல்லை. முதல் ஏவுகணை போகும் நேரத்தில் கட்டடத்தின் முன்னால் ஒருவர், கையில் எதுவும் தெரியாமல், நடந்துபோகிறார். அவருக்காக எவரும் ஒரு விநாடி காத்ததாகத் தெரியவில்லை. தாக்குமுன் எடுக்க வேண்டிய முன்னெச்சரிக்கை பற்றிய பாடத்துக்கு நான் காட்டுவது இந்தப் பகுதியைத்தான்.

சிரிப்புக்கு வருகிறேன். கொலைவெறி என்பதற்கு அது சான்று என்று நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். எனக்கு அது சான்றாகப் போதவில்லை. பிணவறையில் வேலை பார்ப்பவர்களும் விபத்துப் பிரிவில் இருப்பவர்களும் பேசும் கிண்டலை நான் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். அது மனம் போட்டுக்கொள்ளும் தோல். சட்டம் தேடுவது சுடுவதற்கு முன் அவர் எதை நம்பினார் என்பதை, சுட்ட பின் எப்படிப் பேசினார் என்பதை இல்லை. ஆனால் பேச்சே மனநிலையைக் காட்டிக்கொடுக்கும் வழக்கும் உண்டு. 2011-இல் ஆப்கானிஸ்தானின் ஹெல்மந்தில், காயம்பட்டுக் கிடந்த தாலிபான் ஒருவரைப் பிரிட்டிஷ் மரைன் சார்ஜென்ட் அலெக்சாண்டர் பிளாக்மன் சுட்டுக் கொன்றதும், ஜெனீவா உடன்படிக்கையை இப்போது மீறிவிட்டேன், இது வெளியே போகக் கூடாது என்று தன் ஆட்களிடம் சொன்னதும் சக வீரரின் தலைக்கவசக் கேமராவில் பதிவாயின. 2013-இல் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பானது. ஆனால் 2017-இல், அவருக்கு அப்போதிருந்த மனநலக் குறைபாடு பற்றிய மருத்துவச் சாட்சியத்தை ஏற்று, மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கொலைக்குக் குறைந்த குற்றமாக மாற்றியது. செயலையும் எண்ணத்தையும் அவ்வளவு தெளிவாகக் காட்டிய பதிவில்கூட, தண்டனையின் அளவைத் தீர்மானித்த விஷயம் படத்தில் இருக்கவில்லை.

அன்றைய அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ், இதைப் பார்ப்பது சோடா உறிஞ்சும் குழல் வழியே போரைப் பார்ப்பது போன்றது, முன்னும் பின்னும் தெரியாது என்ற பொருளில் சொன்னார். சரிதான். ஆனால் முன்னும் பின்னும் அவர்கள் அலமாரியில்தான் இருந்தன, கேட்டவர்களுக்குக் கொடுக்க மறுத்தவர்களும் அவர்களே. பதிவைக் கசியவிட்ட செல்சி மேனிங், லட்சக்கணக்கான மற்ற ஆவணங்களுக்கும் சேர்த்து, 2013-இல் 35 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்று, அதிபர் ஒபாமா குறைத்ததால் 2017-இல் வெளியே வந்தார். சுட்டவர்கள் மீது வழக்கே நடக்கவில்லை. முன்பின் தெரியாமல் பேசாதே என்பதை நான் மாணவர்களுக்கும் சொல்கிறேன். ஆனால் அதைச் சொல்கிறவர் முன்பின்னைப் பூட்டி வைத்திருப்பவராக இருந்தால் அந்த வாதத்துக்கு மதிப்பெண் குறைத்துத்தான் போடுவேன். 2021 ஆகஸ்ட் 29 அன்று காபூலில் டிரோன் தாக்குதலில் பத்துப் பேர், அவர்களில் ஏழு பேர் குழந்தைகள், இறந்தபோதும் முதலில் அது நியாயமான தாக்குதல் என்றே சொல்லப்பட்டது. அந்தக் காரில் ஏற்றப்பட்டவை தண்ணீர்க் கேன்கள் என்பதைத் தரையில் இருந்த கண்காணிப்புக் கேமராப் பதிவுகளை வைத்துப் பத்திரிகையாளர்கள் காட்டிய பின், மூன்று வாரத்துக்குள் பென்டகன் தவறு என்று ஒப்புக்கொண்டது. மேலிருந்து எடுத்த படத்தை வென்றது இன்னொரு கோணத்தில் எடுத்த படம்.

காணொளி மட்டுமே ஏறத்தாழப் போதுமான வழக்கும் இருக்கிறது, தமிழ் வாசகருக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. 2009 ஆகஸ்டில் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி ஒளிபரப்பிய இலங்கைப் பதிவில், ஆடை களையப்பட்டு, கைகள் கட்டப்பட்டவர்களைச் சீருடையில் இருப்பவர்கள் பின்னாலிருந்து சுடுகிறார்கள். அங்கே தூரமில்லை, அவசரமில்லை, லென்ஸா ஆயுதமா என்ற குழப்பமில்லை. கட்டப்பட்டவரைச் சுடுவதை நியாயமாக்கும் முன்கதை எதுவும் போர்ச் சட்டத்தில் கிடையாது. எஞ்சுவது பதிவு உண்மையானதா என்ற ஒரே கேள்வி. இலங்கை அரசு அதைப் பொய் என்றது. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் மூன்று தடயவியல் நிபுணர்களை வைத்துச் சோதித்து, பதிவு உண்மையானது என்பதையே ஆதாரங்கள் வலுவாகச் சுட்டுகின்றன என்று 2010 ஜனவரியில் அறிவித்தார். கோப்பில் இருந்த தேதி போன்ற சில விளக்கமுடியாத அம்சங்களையும் மறைக்காமல் சொன்னார். பாக்தாத்தில் பதிவு உண்மை, பொருள் தகராறு. இலங்கையில் பொருள் தெளிவு, பதிவு தகராறு. எந்தப் பதிவைப் பார்த்தாலும் இவற்றில் எது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில் வேண்டுமென்றால் இவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும். முதல் சூடு சோகமான பிழை, கொலை என்று நிரூபிக்க முடியாது. வேனைச் சுட்டது, என் பார்வையில், குற்ற விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப் போதுமான ஆதாரம் உள்ள செயல்; விசாரித்தால் கூண்டில் நிற்க வேண்டியவர் சுட்டவர் ஒருவர் மட்டும் இல்லை, ஆயுதம் தெரிகிறதா என்று ஒரு கேள்விகூடக் கேட்காமல் அனுமதி கொடுத்தவரும்தான். கட்டடத்துக்கு, அதை முழுதாகப் பார்க்காமல் நீங்கள் எந்த முடிவுக்கும் வராதீர்கள். முழு வடிவம் இணையத்தில் இன்னும் கிடைக்கிறது. வேன் வரும் இடத்திலிருந்து அனுமதி கிடைக்கும் இடம் வரை, படத்தைப் பார்க்காமல் வயர்லெஸ்ஸை மட்டும் ஒரு தடவை கேட்டுவிட்டு, பிறகு படத்தோடு ஓட்டிப் பாருங்கள்.